தெற்குச் சன்னல் அறைக்கு ஏற்ற செடிகள்

வெளிச்சம் குறைந்த அறையில் என்ன செடி வைக்கலாம் என்று தேடினால் கிடைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. "தெற்குச் சன்னலில் வெயில் நன்றாக விழும், வடக்குச் சன்னல் மங்கலாக இருக்கும்" என்று அவற்றில் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்துகொண்டு அதை அப்படியே நம்பினால் ஒவ்வொரு செடியும் தவறான இடத்துக்குத்தான் போகும். நமக்குச் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. நமது மங்கலான அறை தெற்குச் சன்னல் அறை.

டர்பன் ஏறக்குறைய 30 பாகை தென் அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் வடக்கு வானில் 37 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் குளிர்காலத்தில் வடக்குச் சன்னல் வழியே வெயில் ஆழமாக உள்ளே வரும். சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், வெயில் இரண்டரை மீட்டருக்கு மேல் அறைக்குள் படரும். டிசம்பரில் அதே சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்பதால், வடக்குச் சன்னலுக்குக் கூரை நீட்டம் சிறிது இருந்தாலே நடுப்பகல் வெயில் உள்ளே வராது.

தெற்குச் சன்னலின் கதை வேறு. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைகிறது. எதிரே மறைப்பு இல்லாவிட்டால் காலை ஒன்பது மணி வரையும், பிற்பகல் மூன்று மணிக்கு மேலும் சாய்ந்த வெயில் கண்ணாடியை உரசிப் போகும். ஜூனில் ஒரு கதிர்கூட விழாது. பகல் நீளமும் டிசம்பரில் 14 மணி நேரம், ஜூனில் 10 மணி நேரம்தான். ஆகவே தெற்கு அறையில் செடிக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவு வெளிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு சொல்லப்போகிற தண்ணீர்க் கணக்கு இதை வைத்துத்தான் வருகிறது.

டர்பனின் சேட்ஸ்வர்த் பகுதியில் 1960-களில் இரண்டிரண்டாகச் சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு பக்கம் முழுவதும் பக்கத்து வீட்டுச் சுவர். சன்னல் வைக்க இடமே குறைவு. அதற்கு மேல் பர்க்ளர் கார்டு கம்பி, நெட் திரை, முன்னால் ஒரு மாமரம். கம்பியால் பெரிய இழப்பு இல்லை. நெட் திரைதான் நிறைய வெளிச்சத்தைத் தின்கிறது. கடல் பக்கமுள்ள வீடுகளில் உப்புக் காற்றால் கண்ணாடியில் ஒரு படலம் படியும். புதுச் செடி வாங்குவதற்கு முன்பு கண்ணாடியை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, பகலில் திரையை ஒதுக்கி வைத்து, எதிர்ச் சுவருக்கு வெள்ளை அடித்துப் பாருங்கள். ஒரு ரேண்டுகூடச் செடிக்குச் செலவழிக்காமல் அறையின் நிலைமை மாறிவிடும்.

எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது?

இந்த விஷயத்தில் கண்ணை நம்பக் கூடாது. இருட்டான இடத்தில் நம் கண்மணி விரிந்து சமாளித்துக்கொள்கிறது. செடிக்கு அந்த வசதி இல்லை. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வெளியே நேர் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். இரவில் விளக்குப் போட்ட வரவேற்பறையில் நூறு, இருநூறு லக்ஸ்தான். நமக்கு இரண்டிலும் செய்தித்தாள் படிக்க முடிகிறது என்பதால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

லக்ஸ் அளக்கும் இலவசச் செயலிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. துல்லியம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் போதும். காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் ஒன்றுக்குள், விளக்கை அணைத்துவிட்டு, செடியின் இலை இருக்கப்போகும் உயரத்தில் கைப்பேசியைச் சன்னலை நோக்கிப் பிடித்து அளவு எடுங்கள். வெயில் நாளில் ஒன்று, மேகமூட்டமான நாளில் ஒன்று. 1,000 லக்ஸுக்கு மேல் இருந்தால் நிழல் செடிகள் பலவும் ஓரளவு நன்றாகவே வளரும். 250-இலிருந்து 1,000 வரை என்றால் இங்கே சொல்லப்போகிற சில செடிகள் மட்டும். 250-க்குக் கீழே எந்தச் செடியும் நிரந்தரமாக இருக்காது. அங்கே விளக்கு வைக்க வேண்டும், அல்லது செடிகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

செயலி வேண்டாம் என்பவர்கள் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பார்க்கலாம். நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். விரல்கள் கலங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். கை இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு நிழல் மங்கினால் குறைந்த வெளிச்சம். இன்னொரு வழி: செடி இருக்கும் இடத்தில் தலையை வைத்துச் சன்னலைப் பாருங்கள். வானம் தெரிகிறதா? பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தால், சன்னல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த இடம் மங்கல்தான். சன்னலுக்கு அரை மீட்டர் தள்ளி வைப்பதற்கும் இரண்டு மீட்டர் தள்ளி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அலங்காரத்துக்காகச் செடியை அறையின் மூலைக்குத் தள்ளுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

எந்தச் செடியும் இருட்டை விரும்பி வளர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும், ஒளியால் தயாரிக்கிற உணவும் மூச்சுவிடச் செலவாகிற உணவும் சமமாகும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே வைத்தால் சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிடும். கிழங்கும் சதைப்பற்றும் உள்ள செடிகள் இப்படியே ஆறேழு மாதம் பச்சையாக நின்று நம்மை ஏமாற்றும். "இங்கே நன்றாக இருக்கிறது" என்று நாம் நம்பிய பிறகு ஒரே மாதத்தில் சாயும். இலை பச்சையாக இருக்கிறதா என்பது சோதனையே இல்லை. அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் ஒரு புது இலையாவது, பழைய இலையின் அளவுக்கு வந்ததா? வந்திருந்தால் இடம் சரி. வரவில்லை என்றால் செடி பட்டினி கிடக்கிறது.

இந்தக் கரையின் காட்டுத்தரைச் செடிகள்

உலகம் முழுவதும் வீட்டுக்குள் வைக்கும் நிழல் செடிகளில் பல நமது பக்கத்திலிருந்து போனவை. டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் கடலோரக் காடுகளிலும் பள்ளத்தாக்குக் காடுகளிலும் மரங்களின் அடியில், வடிகட்டி வருகிற வெளிச்சத்தில் வளர்ந்து பழகியவை அவை. டர்பன் வீட்டுக்கு அவற்றைத்தான் முதலில் சொல்வேன். இந்தக் காற்றின் ஈரமும் வெப்பமும் அவற்றுக்குச் சொந்தம்.

முதலில் இசட்இசட் செடி. முழுப் பெயர் ஜாமியோகுல்காஸ் ஜாமிஃபோலியா. கென்யாவிலிருந்து தெற்கே குவாசுலு-நாட்டால் வரை இயற்கையாக வளர்கிறது. சேம்புக் குடும்பம். மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள், இலைக்காம்பின் அடியும் தடித்துத் தண்ணீர் நிறைந்தது. மழையில்லாத மாதங்களைத் தாண்டுவதற்காக அமைந்த உடம்பு இது. அதனால்தான் நாம் மறந்துபோனாலும் நிற்கிறது, அடிக்கடி ஊற்றினால் அழுகுகிறது. 15 செ.மீ. தொட்டியில், தெற்கு அறையில், கோடையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஜூன்-ஜூலையில் ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் போதும். கீழ் இலைகள் மஞ்சளாகி, காம்பு அடியில் மெத்தென்று ஆனால் தண்ணீர் அதிகம். சிற்றிலைகள் சுருங்கி, காம்பில் நீளவாக்கில் சுருக்கம் விழுந்தால் தண்ணீர் குறைவு. கிழங்கைப் பிரித்து நட்டால் உடனே தனிச் செடி. ஒற்றைச் சிற்றிலையை நட்டும் வளர்க்கலாம், ஆனால் முதலில் சிறு கிழங்கு உருவாகி, பிறகுதான் முளை வெளியே வரும். அதற்கு ஓர் ஆண்டு வரைகூட ஆகும். இடையில் தோண்டிப் பார்க்காதீர்கள்.

கிளைவியா. ஆரஞ்சுப் பூக்கொத்தும் வார் போன்ற கரும்பச்சை இலைகளும் உள்ள இதை இங்கே தோட்டங்களில் மரத்தடியில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஜுலு மொழியில் உமாயிமே. 1828-இல் ஜான் லிண்ட்லி இந்தப் பேரினத்துக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து சீமாட்டி ஷார்லட் கிளைவின் நினைவாகப் பெயர் வைத்தார். பூர்வீகம் என்னவோ நமது காடுதான். வீட்டுக்குள் தெற்குச் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால் இலைக்குக் குறை வராது. பூ வேண்டும் என்றால் இரண்டு நிபந்தனைகள். மே மாதத்திலிருந்து ஜூலை வரை தண்ணீரை மிகவும் குறைக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆறு முதல் எட்டு வாரமாவது இரவில் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிர் கிடைக்க வேண்டும். ஸ்டூப்பில், அதாவது வீட்டுத் திண்ணையில், வைத்தாலே அது கிடைத்துவிடும். பூத்தண்டு இலைகளுக்கு மேலே எழும்பிய பிறகு தண்ணீரைப் பழையபடி கூட்டுங்கள். அவசரப்பட்டு முன்னதாகவே ஊற்றினால் தண்டு குட்டையாகி, பூ இலைகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வேர் தொட்டியை நிரப்பி இறுகினால்தான் இது நன்றாகப் பூக்கும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தொட்டி மாற்றினால் போதும். கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை உள்ள புழு இலைக்குள் துளைத்துப் போகும். இது வெளியே வைத்த செடிகளில்தான் அதிகம். கண்டவுடன் கையால் எடுத்துவிடுங்கள். கிளைவியாவை நர்சரியில் வளர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். மருந்துக்காகவும் விற்பனைக்காகவும் காட்டிலிருந்து தோண்டியே பல இடங்களில் இது குறைந்துபோயிருக்கிறது. சாலையோரத்தில் மண் ஒட்டிய பெரிய கிழங்கோடு மலிவாக விற்றால் வாங்க வேண்டாம்.

குளோரோஃபைட்டம், இங்கே ஹென்-அண்ட்-சிக்கன்ஸ், ஊரில் சிலந்திச் செடி. இதுவும் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிச் செடிதான். மங்கலில் உயிரோடு இருக்கும், ஆனால் குட்டிகள் விடாது. முழுப் பச்சை வகை வெள்ளைக் கோடு வகையைவிட நன்றாகத் தாங்கும். ஏனென்றால் வெள்ளைப் பகுதி உணவு தயாரிப்பதில்லை. இந்த விதி எல்லாச் செடிக்கும் பொருந்தும்: வெளிச்சம் குறையக் குறைய, கரும்பச்சையாக உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். இலை நுனி பழுப்பானால் மண்ணில் உப்புச் சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெல்ல ஊற்றி, அடியில் வழியவிட்டுக் கழுவுங்கள்.

பாம்புச் செடி, மாமியார் நாக்கு, நம் ஊரில் மருள் என்று சொல்லும் செடியின் உறவு. கடைகளில் கிடைப்பது மேற்கு ஆப்பிரிக்க வகை. சான்செவியேரியா என்று இருந்த பெயரைத் தாவரவியலாளர்கள் 2017-இல் டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் நர்சரியில் பழைய பெயர்தான் ஓடுகிறது. ஹயசிந்தாய்டிஸ் என்ற உள்ளூர் வகையும் உண்டு, அது வறண்ட புதர்க்காட்டு நிழலில் அடர்ந்து வளரும். தண்ணீர்க் கணக்கு இசட்இசட் செடிக்குச் சொன்னதே. மஞ்சள் ஓரம் உள்ள வகையின் இலையை வெட்டி நட்டால் வருகிற குட்டியில் மஞ்சள் இருக்காது. அந்த ஓரம் வேண்டுமென்றால் அடிக்கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

வெளியிலிருந்து வந்தவை

ஆஸ்பிடிஸ்ட்ராவை இன்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. எனக்கு அது வருத்தம். தெற்கு ஜப்பானின் தீவுகளில் காட்டுத்தரைச் செடியான இது, நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் நிறைந்த விக்டோரியா காலத்து இங்கிலாந்து வீடுகளில் தாக்குப்பிடித்தது. 250 லக்ஸ் அளவில் இடம் இருந்தால் என் முதல் தேர்வு இதுவே. ஆண்டுக்கு நான்கைந்து இலைதான் விடும், அதனால் விலை கொஞ்சம் அதிகம். நேர் வெயில் பட்டால் இலை வெளுத்துவிடும். பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீர். ஜோஹன்னஸ்பர்க் பக்கமுள்ள லெனேஷியா போல இரவில் கடுங்குளிர் இறங்குகிற ஊர்களுக்கும் இது பொருந்தும்.

மணி பிளான்ட் எல்லாருக்கும் தெரியும். பூர்வீகம் பசிபிக் கடலின் மோரியா தீவு. மங்கலில் கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு, இலை சிறுத்து, மஞ்சள் தெறிப்பு மறைந்துபோகும். அப்போது நீண்ட தண்டை இரண்டு கணு விட்டு வெட்டி, வெட்டிய துண்டுகளை அதே தொட்டியில் நட்டு அடர்த்தியாக்குங்கள்.

அக்லோனிமாவில் பச்சை-சாம்பல் வகை மட்டும் மங்கலுக்கு. சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளுக்கு அதிக வெளிச்சம் வேண்டும். 12 பாகைக்குக் கீழே போனால் இலை கறுத்து நீர் கோத்துக்கொள்ளும். அதனால் டர்பனில் சரி, ஜோஹன்னஸ்பர்க் ஜூலையில் சன்னலோரம் வேண்டாம்.

பீஸ் லில்லியைக் கடையில் நிறையப் பூவோடு பார்த்து வாங்குகிறோம். விற்பனைக்காக ஜிப்பரெலிக் அமிலம் தெளித்துப் பூக்கவைப்பது வணிக நர்சரிகளில் வழக்கம். மங்கலான அறையில் அடுத்த பூவை எதிர்பார்க்காதீர்கள், இலைக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுத்தால் முழுவதுமாகத் துவண்டு, ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிரும். பார்லர் பாம் என்ற மெக்சிகோ-குவாத்தமாலாக் குட்டிப் பனையும் நல்லதுதான். ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் வறண்ட குளிர்காலத்தில் சிலந்திப்பேன் வரும், வாரம் ஒரு முறை ஷவரில் காட்ட வேண்டும்.

துளசியையும் கறிவேப்பிலையையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். சாமி விளக்குப் பக்கத்தில் துளசித் தொட்டி இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் அதற்கு நேர் வெயிலே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேண்டும். சாமி அறையில் இரண்டே வாரத்தில் தண்டு நீண்டு இலை உதிரும். துளசி முற்றத்தில் இருக்கட்டும். சாமி அறைக்கு ஆஸ்பிடிஸ்ட்ராவோ இசட்இசட் செடியோ வையுங்கள்.

வாங்கும்போது தொட்டியிலிருந்து செடியை லேசாகத் தூக்கி வேரைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நர்சரிக்காரர் மறுக்க மாட்டார். வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்க வேண்டும். பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து, நாற்றம் வந்தால் வேண்டாம். இலைக்கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி, வெளிச்சமான சன்னலில் வையுங்கள். பிறகு ஒரு மீட்டர் உள்ளே இரண்டு வாரம். அதற்குப் பிறகுதான் நிரந்தர இடம். நர்சரியின் நிழல்வலைக்கு அடியில் நம் வீட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். ஒரே நாளில் இறக்கினால் பழைய இலைகளைச் செடி உதிர்க்கும். அந்த நேரத்தில் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலான புதுச் செடிகளின் முடிவு.

தண்ணீர்

மங்கலான அறையில் செடி சாவது பெரும்பாலும் இருட்டால் இல்லை, ஈரத்தால். வெளிச்சம் குறைந்தால் உணவுத் தயாரிப்பு குறைகிறது, இலைத்துளைகள் குறைவாகத் திறக்கின்றன, வேர் உறிஞ்சும் தண்ணீரும் குறைகிறது. தொட்டி மண் நாட்கணக்கில் ஈரமாகவே நிற்கிறது. மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் வேருக்கு மூச்சு முட்டும். பலவீனமான வேரைப் பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிரிகள் பிடித்துக்கொள்ளும். வேர் போனதும் இலை துவளும். துவண்டதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம்.

டர்பனில் ஒரு கூடுதல் சிக்கல். ஜனவரி, பிப்ரவரியில் வெக்கை தாங்காது, செடிக்கும் தாகமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த மாதங்களில் காற்றே ஈரம் நிறைந்தது. வீட்டுக்குள் தொட்டி மண் அவ்வளவு வேகமாக உலராது. நமக்கு வியர்க்கிறது என்பதற்காக ஊற்றக் கூடாது.

கிழமை வைத்து ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். இறைச்சி கோக்கும் மூங்கில் சோசாட்டிக் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டி, குச்சி கறுத்து ஈரமாக வந்தால் இன்னும் வேண்டாம். மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஆஸ்பிடிஸ்ட்ரா, சிலந்திச் செடிக்கு மேல் ஐந்து செ.மீ. உலர்ந்தால் ஊற்றலாம். இசட்இசட் செடிக்கும் பாம்புச் செடிக்கும் அடிவரை உலர வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையைப் பழகிக்கொள்வது இன்னும் எளிது.

ஊற்றும்போது சிக்கனம் வேண்டாம். தினம் ஒரு டம்ளர் தெளிப்பது தவறு, மேல்மண் மட்டும் நனைந்து அடிவேர் காயும். 15 செ.மீ. தொட்டிக்கு அடியில் வழியும் வரை மெல்ல ஊற்றுங்கள், ஏறக்குறைய 300 முதல் 400 மி.லி. ஆகும். அரை மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். துளையில்லாத பித்தளைச் செம்பிலோ பீங்கானிலோ நேராக நடாதீர்கள். நர்சரித் தொட்டியோடு உள்ளே இறக்கி வையுங்கள், ஊற்றும்போது வெளியே எடுங்கள்.

வெறும் தோட்ட மண் வீட்டுக்குள் ஆகாது, இறுகிவிடும். பாட்டிங் சாயில் இரண்டு பங்கு, மக்கிய பைன் பட்டை ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. இசட்இசட், பாம்புச் செடி இரண்டுக்கும் பெர்லைட்டை இரண்டு பங்காக்கலாம். தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, ஈரத்தட்டு வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி நிற்கும். துளையை மண் அடைக்காதிருக்க ஒரு துண்டு வலை போதும். புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே அகலமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

ஏற்கெனவே அழுகத் தொடங்கியிருந்தால் செடியை வெளியே எடுத்து, மெத்தென்ற வேரையும் கிழங்கையும் சுத்தமான கத்தியால் உறுதியான பகுதி வரை வெட்டி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு, சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் நடுங்கள். இசட்இசட், பாம்புச் செடிக்கு ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம். மற்றவற்றுக்கு லேசான ஈரம்.

உரம், தூசி, பூச்சி

உரப் பையில் 3:1:5 (26) என்று இருந்தால், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அந்த விகிதத்தில் இருக்கின்றன, மூன்றும் சேர்ந்து 26 விழுக்காடு என்று பொருள். இந்த முறை தென்னாப்பிரிக்காவுக்கே உரியது, வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் 20-20-20 என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மங்கலறைச் செடிக்கு 3:1:5 திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, செப்டம்பரிலிருந்து மார்ச் வரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஈரமண்ணில் மட்டும். குளிர்காலத்தில் வேண்டாம். வளராத செடிக்குப் போடும் உரம் உப்பாகத் தங்கி வேர் நுனியைக் கருக்கும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் கற்பூரமும் ஏற்றுகிற வீடுகளில் இலையின் மேல் கரியும் எண்ணெய்ப்பசையும் படியும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது மறைக்கும். மாதம் ஒரு முறை ஈரத் துணியால், இலையின் அடியில் கையைத் தாங்கி, இரு பக்கமும் துடையுங்கள். பாலும் தேங்காயெண்ணெயும் தடவிப் பளபளப்பாக்க வேண்டாம்.

மாவுப்பூச்சிக்கு, பஞ்சுக் குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து, வாரம் ஒரு முறை நான்கு வாரம் தொடர வேண்டும், முட்டைகள் மிச்சமிருக்கும். வேப்பெண்ணெய் என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 5 மி.லி., பாத்திரச் சோப்பு சில துளி. குலுக்கி, மாலையில் தெளியுங்கள். தொட்டியைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். மேல் மூன்று செ.மீ. நன்றாகக் காயவிட்டு மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் குறையும்.

250 லக்ஸுக்குக் கீழான இடத்துக்கு விளக்கு. விலையுயர்ந்த ஊதா விளக்கு தேவையில்லை. 10 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு, 4,000-இலிருந்து 6,500 கெல்வின், குடை உள்ள மேசை விளக்கில், இலைக்கு 30 செ.மீ. மேலே, தினம் 12 மணி நேரம். டைமரில் வைத்தால் மின்வெட்டுக்குப் பிறகு அதன் கடிகாரம் பின்தங்கிப்போகும், திருத்திவிடுங்கள். விளக்கும் வேண்டாம் என்றால் ஒரே வகைச் செடி இரண்டு வாங்கி, இரண்டு வாரம் சன்னலில், இரண்டு வாரம் மூலையில் என்று மாற்றி மாற்றி வைக்கலாம்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். 1989-இல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. பழைய ஆய்வுகளை 2019-இல் திரும்பக் கணக்கிட்டபோது, சன்னல் வழியே இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை தேவை என்று வந்தது. செடி அழகுக்காக இருக்கட்டும், காற்றுக்குச் சன்னலைத் திறங்கள்.

குழந்தைகளோ நாய் பூனையோ உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. பச்சை மடும்பியை (சேப்பங்கிழங்கை) நறுக்கினால் கை அரிப்பதை அறிவீர்கள். காரணம் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள். இசட்இசட், மணி பிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா எல்லாம் அதே சேம்புக் குடும்பம், அதே படிகங்கள். மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். கிளைவியாவில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, வாந்தி வரும். ஆஸ்பிடிஸ்ட்ரா, சிலந்திச் செடி, பார்லர் பாம் மூன்றும் பயமில்லாதவை.

கடைசியாக, யாராவது தண்டு ஒடித்துக் கொடுக்கும் ஊதாக் கோடு போட்ட டிரேடஸ்கான்ஷியா ஜெப்ரினாவை வாங்காதீர்கள். 2004-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் அது 1பி வகை ஆக்கிரமிப்புச் செடி. வளர்ப்பதும் விற்பதும் கொடுப்பதும் கூடாது. ஒரு கணு விழுந்தால் ஓடைக்கரை முழுவதும் பரவிவிடும். மணி பிளான்ட் வெட்டிய துண்டுகளையும் வேலிக்கு அப்பால் எறிய வேண்டாம், டர்பன் ஈரத்தில் அது மரமேறும். எல்லாத் துண்டுகளையும் கறுப்புப் பையில் இறுகக் கட்டி, இரண்டு வாரம் வெயிலில் வைத்து, முற்றிலும் வெந்து கறுத்த பிறகு குப்பை வண்டியில் போடுங்கள்.